முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஒரே தாள்

அக்காவின் முதலாண்டுப் படையலுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் பங்காளிகளுக்கும், சம்பந்திகளுக்கும், மண்டி நண்பர்களுக்கும், கல்லாத்துக்கொல்லை ஊராருக்கும் தம்பியாகிய என் வணக்கம். உங்கள் கையில் இருப்பது இரண்டாவது முறை அச்சடித்தது. முதல் முறை அடித்தது என் மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே கட்டுக் கட்டாகக் கிடக்கிறது. அது ஏன் அங்கே கிடக்கிறது என்று சொல்லாமல் அக்காவைப் பற்றி எழுத முடியாது என்ற நிலைக்கு வந்துவிட்டேன். எப்படி வந்தேன் என்று எனக்கே சரியாக விளங்கவில்லை. விளங்கிய வரைக்கும் எழுதுகிறேன்.

என்னை அறியாத புது உறவுகளுக்கு ஒரு வார்த்தை. நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். மலையிலிருந்து தலையில் கூடையோடு இறங்கி, கண்ணமங்கலத்தில் அடுத்தவர் மண்டியில் மூட்டை தூக்கி, இன்று அதே தெருவில் சொந்தமாகப் புளி மண்டி வைத்திருக்கிறேன். லாரி இருக்கிறது, மாடி வீடு இருக்கிறது. வேலூர், ஆரணி வியாபாரிகள் என் மண்டிப் புளி என்றால் மூட்டையைப் பிரிக்காமலே ஏற்றிக்கொள்வார்கள். யாரும் கைதூக்கி விடவில்லை; நானே ஏறினேன். இந்தக் கட்டுரையும் நானே எழுதியதுதான். படிப்பதென்றால் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். எழுதுவதற்குப் போன் இருக்கிறது. வாயால் சொன்னால் அது எழுதுகிறது. தப்பு விழுந்த இடங்களை அக்கா மகள் மல்லிகா திருத்தினாள். அவள் மலையிலேயே அங்கன்வாடி டீச்சர்.

"மாமா, நீங்க பேசுற மாதிரியே கீது. கொஞ்சம் மரியாதையா மாத்தட்டுமா?" என்று கேட்டாள்.

மாற்றச் சொன்னேன். ஆகவே மரியாதையாக இருக்கும் இடமெல்லாம் அவள் கை. மற்றது என்னுடையது.

அக்கா பிறந்தது ஜவ்வாது மலையில், ஓடைக்கு அக்கரையில் இருக்கும் மேட்டுக்கொல்லையில். அம்மாவுக்கு நாங்கள் இரண்டே பிள்ளைகள். அம்மா சீக்கிரம் போய்விட்டார். அப்பா இருந்தும் இல்லாத கணக்கு. எங்கள் மலையில் புளிய மரம் ஏறி உலுக்குவது ஆண்கள் வேலை, கீழே நின்று பொறுக்குவது பெண்கள் வேலை. எங்கள் வீட்டில் உலுக்க ஆள் இல்லை. அக்கா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தாமே ஏறினார். ஊர் வேடிக்கை பார்த்தது.

"மரம் ஏறுற பொண்ணை எவன்டி கட்டுவான்?" என்று கீழேயிருந்து ஒருவர் கேட்டார்.

"கட்டுறவன் கீழ நின்னு பொறுக்கட்டும்," என்றார் அக்கா மேலேயிருந்து.

அப்போது கீழே பொறுக்கிக்கொண்டிருந்தவன் நான்தான். அதற்கப்புறம் ஒருவர் நிஜமாகவே வந்து பொறுக்கினார். கல்லாத்துக்கொல்லைக்காரர். அவர்தான் எங்கள் மாமா. நல்ல மனிதர். தேன் எடுக்கப் போன பாறையிலிருந்து விழுந்து, கொஞ்ச காலம் படுக்கையில் கிடந்து இறந்தார். மல்லிகா அப்போது பால்குடி. அக்கா சாமை விதைத்தார், தினை விதைத்தார், காய்ப்புக் காலத்தில் மாமா ஏற வேண்டிய மரங்களில் தாமே ஏறினார். யார் வீட்டு வாசலிலும் நின்று கேட்டவர் இல்லை. மல்லிகாவைப் பன்னிரண்டாவது வரை படிக்கவைத்தார். நான் கட்டிய மாடி வீட்டுக்கு வந்து இருக்கச் சொன்னபோது ஒரு ராத்திரி தங்கினார். விடிந்ததும், "தரை ஜில்லுனு கீதுடா, காலு நோவுது. நீ நல்லா இரு," என்று சொல்லிவிட்டு முதல் பஸ் ஏறிவிட்டார்.

ஒரு விஷயம் இங்கே எழுதவேண்டும், பிறகு தேவைப்படும். மாசி, பங்குனியில் கல்லாத்துக்கொல்லைப் பெண்கள் புளிக் கூடையோடு என் மண்டிக்கு இறங்குவார்கள். அக்காவும் தம் கூடையோடு வருவார். நான் கூடை பார்க்கும் நேரத்தில் என் பக்கத்தில் நாற்காலி போட்டாலும் உட்காரமாட்டார். ஊர்ப் பெண்களோடு சேர்ந்து நிற்பார். மண்டியில் முதலாளிக்குத் தருகிற மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் கூடை பார்க்கும் விதம் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மேலே இருக்கிற புளியைப் பார்க்கவே மாட்டேன். மேலே யாரும் நல்லதைத்தான் வைப்பார்கள். கையை முழங்கை வரைக்கும் கூடையின் நடுவில் விட்டு ஒரு பிடி எடுப்பேன். அதில் கொட்டையோ ஓடோ ஈரமோ இருந்தால் கூடை மொத்தமும் திரும்பிவிடும். பேச்சே கிடையாது. நடுவில் நன்றாக இருந்தால் கூடை முழுக்க நன்றாக இருக்கும் என்பது என் தொழில். இந்த ஒரு கையை வைத்துத்தான் மேலே வந்தேன். கல்லாத்துக்கொல்லைக் கூடை ஒன்றும் பல வருஷமாகத் திரும்பிப் போனதே இல்லை. எங்கள் அக்கா ஊர்ப் புளி என்று வேலூரில் பெருமையாகச் சொல்வேன்.

இனி கடைசி நாட்கள். போன ஐப்பசி மழையில் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. ரெண்டு நாளில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. மல்லிகா போன் செய்தாள். ஊருக்குப் போகும் ரோட்டில் மண் சரிந்து ஜீப் ஏற முடியவில்லை. கல்லாத்துக்கொல்லை ஆட்கள் மூங்கிலில் போர்வையைக் கட்டி டோலி செய்து, படவேட்டுப் பக்கம் இறங்கும் காட்டுவழியில் அக்காவைத் தூக்கிவந்தார்கள். வழுக்கும் பாறை, அட்டைக் கடி, மழை நிற்கவில்லை. நான் அடிவாரத்தில் ஆம்புலன்ஸோடு நின்றேன். டோலியைக் கீழே வைத்ததும் போர்வைக்குள் கையை விட்டு அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. எனக்கு உயிர் வந்தது. "நல்லாத்தான் கீது. வுடுங்க, பொழைச்சிக்கும்," என்று எல்லோருக்கும் சொன்னேன். ஆம்புலன்ஸில் வந்தவர் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார். கண்ணமங்கலம் தாண்டுவதற்கு முன்பே, என் மண்டி இருக்கும் தெருவைக் கடக்கும்போது, அக்கா போய்விட்டார். அவ்வளவு சூடான கை எப்படிப் போகும் என்று இந்த ஒரு வருஷமும் எனக்குப் புரியவே இல்லை. பார்த்தவர்களிடம் எல்லாம் கேட்டிருக்கிறேன். உங்கள் காதிலும் அது விழுந்திருக்கும்.

மண் போட்டுவிட்டு ஓடையில் கை கால் கழுவும்போது, தூக்கிவந்தவர்களைப் பார்த்து எல்லோர் எதிரிலும் சொன்னேன்: "வருசம் திரும்புறதுக்குள்ள உங்க பேரை எல்லாம் புஸ்தகத்துல அச்சடிச்சு உங்க கையில குடுப்பேன். எங்க அக்கா மேல ஆணை."

"பேரு எதுக்கு மச்சான்? அண்ணியைத்தான தூக்கினோம்," என்றார் சின்னாண்டி. அவர் அக்காவுக்குக் கொழுந்தன் முறை, எனக்கு மச்சான் முறை. வாய் அப்படிச் சொன்னாலும், அங்கே நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன். ரேஷன் கார்டிலும் ஓட்டுப் பட்டியலிலும் தவிர வேறெங்கும் அச்சில் விழாத பெயர்கள் அவை. சொன்ன சொல்லை நான் தவறவிட்டதாக மண்டியில் யாரும் சொல்ல முடியாது. ஆகவே இந்த மலரில் எனக்கு முக்கியம் அந்தக் கடைசிப் பக்கம்தான். அவர்களுக்கு நன்றி சொல்லும் பக்கம்.

என் மண்டி பில் புத்தகம் அடிக்கும் போளூர் அச்சகத்திலேயே மலரையும் கொடுத்தேன். அங்கே கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுவது செல்வி என்கிற பெண். முதல் புரூஃப் என்று கொடுத்த தாளைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. கொம்பு ஒரு பக்கம் நிற்கிறது, எழுத்து ஒரு பக்கம் நிற்கிறது. நடுவில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம். எழுத்தின் தலையில் இருக்கவேண்டிய புள்ளி அடுத்த எழுத்தின் தோளில் உட்கார்ந்திருக்கிறது. என் கண்தான் போய்விட்டதோ, இல்லை படிப்பே இப்படி மாறிவிட்டதோ என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

பிறகு கேட்டேன். "இன்னாம்மா, எழுத்தெல்லாம் சந்தையில தொலைஞ்ச கொழந்தைங்க மாதிரி தனித்தனியா நிக்குது?"

"போன்லேர்ந்து வந்ததுங்கய்யா. போன்ல ஒரு முறையில இருக்கும், எங்க சாப்ட்வேர் வேற முறையில படிக்கும். மாத்திப் போடணுங்க."

"போன்ல நல்லாத்தானே கீது? இதோ பாரு."

"அதுல நல்லாத்தாங்க இருக்கும்."

"அப்ப நல்லா இருக்குதா இல்லியா?"

செல்வி யோசித்தாள். "அதுல நல்லா இருக்கு. இங்க நல்லா இல்ல."

"ஒரே ஆளு சொன்னது, ஒரே எழுத்து. அது எப்டிம்மா ரெண்டு எடத்துல ரெண்டு மாதிரி ஆவும்?"

"எழுத்து உள்ள வெறும் நம்பராத்தாங்க இருக்கும். அந்த நம்பருக்கு இன்னா உருவம்னு ஃபாண்டுதான் சொல்லும். ஃபாண்டு இல்லன்னா கட்டம் காட்டும்."

நான் தலையாட்டினேன். மண்டியில் தலையாட்டினால் விலை படிந்தது என்று அர்த்தம். இங்கே ஒன்றும் படியவில்லை. நான் சொன்ன அக்கா கதை உள்ளே நம்பராக இருக்கிறதென்றால் அழுதுகொண்டே சொன்ன இடமும் நம்பர்தானா என்று கேட்க நினைத்தேன். படித்த பெண், சிரித்துவிடுவாள் என்று விட்டுவிட்டேன்.

மறு வாரம் போனபோது எல்லாம் மாற்றி அழகாகக் கட்டிவைத்திருந்தாள். தூக்கிவந்தவர்களின் பெயர்களை மல்லிகா விசாரித்து அனுப்ப நாளாகிவிட்டதால், அந்தப் பெயர்கள் வரும் தாளை மட்டும் கடைசியில் தனியாகச் செய்தார்களாம். அதையும் சேர்த்து மடித்துக் கையில் கொடுத்தாள். மேலே அட்டையில் அக்கா படம்.

"ஒவ்வொரு பக்கமா, ஒவ்வொரு வரியா பாருங்கய்யா. பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டீங்கன்னா மெஷின்ல ஏத்திடுவாங்க," என்று சொல்லிவிட்டு அட்டை வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

எனக்கா பார்க்கச் சொல்லித்தரவேண்டும்? மேலே இருப்பதைப் பார்க்கவில்லை. கட்டை விரலை விட்டு நட்டநடுவில் பிரித்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தேன். கொம்பு கொம்பின் இடத்தில் இருந்தது. புள்ளி புள்ளியின் இடத்தில் இருந்தது. நான் முதல் லாரி வாங்கிய கதை அந்தப் பக்கத்தில்தான் வந்தது. லாரி முன்னால் நான் நிற்கும் படமும் பளிச்சென்று இருந்தது. ஒரு தப்பு இல்லை. மூடிவைத்துக் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து டீ குடித்தேன்.

அச்சடித்த கட்டு மண்டிக்கு வந்ததும் முதல் வேலையாக, கொடுத்த சொல்படி தூக்கியவர்கள் கையில் கொடுக்கவேண்டும் என்று மல்லிகாவை அழைத்துக்கொண்டு மலை ஏறினேன். களத்தில் சாமை அடித்துக்கொண்டிருந்தார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, மேலே மலரை வைத்துக் கொடுத்தேன். சின்னாண்டி துண்டில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். அட்டையைப் பார்த்தார்.

"அண்ணி அப்டியே கீது. இப்பதான் யாரையோ திட்டிட்டு திரும்பின மாதிரி."

படிக்கத் தெரிந்த குப்பனிடம் கொடுத்தார். குப்பனும் டோலி தூக்கியவர்தான். அவர் முதல் பக்கத்தைத் திருப்பினார். தூரமாகப் பிடித்தார். கிட்டப் பிடித்தார்.

"மச்சான், இது இன்னா எழுத்து?"

"தமிழ்தான். கண்ணாடி போட்டுப் படி."

"கண்ணாடி போட்டாலும் ஜன்னலாத்தான் தெரியும். பக்கம் பூரா ஜன்னலு."

பிடுங்கிப் பார்த்தேன். அக்கா பிறந்த மேட்டுக்கொல்லை, அம்மா, புளிய மரம் எல்லாம் இருக்கவேண்டிய முதல் பக்கத்தில் வரிசை வரிசையாகக் கட்டங்கள். கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அங்கேயும் கட்டங்கள். இவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை.

"ஆளுக்கொரு வூடு கட்டிக் குடுத்துட்டாரு மச்சான்," என்றார் சின்னாண்டி. "அரசாங்கம் குடுக்காததை மண்டி குடுத்துருச்சு."

"இதுல நான் எது?" என்று ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"நீளமா கீதே, அது சின்னாண்டி. குட்டையா கீதே, அது நானு," என்றார் குப்பன்.

"அந்தக் குட்டை வூட்டுல உம்பொஞ்சாதி எங்கடா படுப்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். சின்னாண்டியின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தக் கடைசிப் பக்கத்தையே பார்த்தார். "எங்க அம்மா வூட்டுக்கெல்லாம் சொல்லி வெச்சேன், இவுரு பேரு புஸ்தகத்துல வருதுன்னு," என்றார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"இருங்க, இருங்க. நடுவுல பாருங்க," என்றேன். "நடுவுல சுத்தமா கீது. நானே நடுவுல எடுத்துப் பாத்துட்டுத்தான் கையெழுத்து போட்டேன்."

அப்புறம் சிரித்தார்களே ஒரு சிரிப்பு, அது முன்னால் சிரித்த சிரிப்பு இல்லை. குப்பன் சாமைப் போர் மேலேயே உட்கார்ந்துவிட்டார். சின்னாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மல்லிகாகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"இன்னாத்துக்குச் சிரிக்கிறீங்க?"

"ஒண்ணும் இல்ல மச்சான்."

"சொல்லிடுங்க சித்தப்பா," என்றாள் மல்லிகா. "அம்மாதான் இல்லியே இனிமே."

சின்னாண்டி சொன்னார். "நடுவுல நல்லாத்தான் மச்சான் இருக்கும். அண்ணி அப்டித்தான் கட்டச் சொல்லும். 'எந்தம்பி மேலயும் பாக்கமாட்டான், அடியிலயும் பாக்கமாட்டான். நல்லதை நடுவுல வைங்க'ன்னு சொல்லும். ஊருக்கே சொல்லிக் குடுத்துது."

எனக்கு முதலில் அர்த்தமே ஆகவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன். அவர் திரும்பச் சொன்னார். மேலே சுமார், அடியில் கொட்டையும் ஓடும், நடுவில் மட்டும் என் கை போகும் இடத்தில் தங்கம் மாதிரி புளி. பல வருஷமாக. என் கண் எதிரில்.

"எங்க அக்கா கூடையுமா?"

"அது கூடை மட்டும் மேலேர்ந்து அடி வரைக்கும் ஒரே மாதிரி இருக்கும். அது சரியா கொட்டை எடுக்கும். எங்களுக்குத்தான் அந்த வழி."

"அப்ப என்னை ஏமாத்திச்சா எங்க அக்கா?"

இதற்குச் சின்னாண்டியின் மனைவிதான் பதில் சொன்னார். "ஏமாத்தலீங்கண்ணா. ஒரு வருசம் எங்கூடையில கொஞ்சம் ஓடு இருந்துச்சுன்னு மொத்தமும் திருப்பி அனுப்பினீங்க. வயித்துல புள்ளையோட தூக்கினு மலை ஏறினேன். அக்கா எங்கூடவே ஏறிச்சு. பாதி தூரம் அதுதான் தூக்கிச்சு. அதுக்கு அடுத்த வருசத்துலேர்ந்துதான் அப்டிக் கட்டினோம்."

அந்தக் கூடை எனக்கு நினைவில்லை. திருப்பிய கூடைகள் எத்தனையோ. ஓடு இருந்தால் திருப்புவேன். அது தொழில், அதில் தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். வேலூர்க்காரர் ஒருவர் எப்போதோ, "அடி மூட்டையில கொட்டை ஜாஸ்திப்பா" என்று சொன்னதும், "எடை போடுறப்ப கலந்திருக்கும்" என்று அவரை அடக்கி அனுப்பியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்த நாற்காலியும் நினைவுக்கு வந்தது. அக்கா அதில் உட்காராமல் பெண்களோடு நின்றது மரியாதைக்கு இல்லை போலிருக்கிறது. சிரிப்பு வராமல் இருக்கத்தானோ, கூடைக்காரிகளுக்குத் தைரியம் சொல்லத்தானோ, தெரியவில்லை. எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்டால், வந்தது. யார் மேல் என்று தேடிப் பார்த்தேன், ஆள் கிடைக்கவில்லை.

குப்பன் எழுந்து என் பக்கத்தில் வந்தார். அவர் சிரிப்பு நின்றிருந்தது.

"மச்சான், கோச்சுக்காதீங்க. அன்னிக்கு எறக்கினப்பவும் அதான்."

"எது?"

"பாதி வழியிலேயே அண்ணி காலு ஜில்லுனு ஆயிருச்சு. அதுக்கே தெரிஞ்சிருச்சு. 'டேய் குப்பா, கீழ எந்தம்பி நிப்பான். போர்வைக்குள்ள கைய வுட்டுப் பாப்பான். எங்கை சூடா இருக்கட்டும்டா, அவன் பயந்துக்குவான்'னு சொல்லிச்சு. நான் அப்பறம் தூக்கத் தோளு குடுக்கவே இல்ல. டோலிக்குப் பக்கத்துலயே நடந்து, கைய தேச்சுக்கினே வந்தேன். வைக்கிற வரைக்கும் தேச்சேன்."

மல்லிகாவைப் பார்த்தேன். அவள் அன்றைக்கு டோலிக்குப் பின்னால் நடந்து வந்தவள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் காலைத் தொட்டிருந்தா?"

"தொடமாட்டான்னு அண்ணி சொல்லிச்சு," என்றார் குப்பன்.

சின்னாண்டியின் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். உப்பு இருந்ததா இல்லையா என்று சொல்லத் தெரியாது. அன்றைக்கு அந்தக் கை சூடாக இருந்தது சத்தியம். அது யார் கைச் சூடு என்பதுதான் இப்போது தெரியவில்லை. ஒரு வருஷமாக எனக்குப் புரியாமல் இருந்த ஒன்று புரிந்துவிட்டது. புரிந்த பிறகு முன்னைவிடக் குழப்பமாக இருக்கிறது. அவர் போகும் வழியில் எனக்குப் பயம் வரக்கூடாது என்று பார்த்தாரே, அதை ஏமாற்று என்பதா, வேறென்ன என்பது? உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

மறுநாள் போளூருக்குப் போனேன். தாளைப் பார்த்ததும் செல்விக்கு முகம் வெளுத்துவிட்டது. "பேரு வர்ற தாளை வேற கம்ப்யூட்டர்ல செஞ்சோங்கய்யா. அதுல அந்த ஃபாண்டு இல்ல போலக்குது. உங்க கையெழுத்து இருக்குதேன்னு வுட்டுட்டேன்."

அவளை நான் ஒன்றும் சொல்லவில்லை. "பேரு கடைசிப் பக்கத்துலதானம்மா வருது? முதல் பக்கம் ஏன் கெட்டுது?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் பின்னை எடுத்து, வெளித்தாளை மட்டும் உருவி, மேஜை மேல் விரித்துவைத்தாள். இடது பக்கம் கடைசிப் பக்கம், வலது பக்கம் முதல் பக்கம்.

"ரெண்டும் ஒரே தாளுங்கய்யா. மடிச்சாத்தான் ஒண்ணு முன்னாடி, ஒண்ணு பின்னாடி. விரிச்சா பக்கத்துல பக்கத்துலதான் இருக்கும். ஒண்ணு கெட்டா இன்னொண்ணும் கெடும்."

அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா பிறந்த பக்கமும், அக்காவைத் தூக்கியவர்கள் பக்கமும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. நடுவில் இருந்த தாள்கள் எல்லாம் தனியாக ஒரு ஓரத்தில் இருந்தன. அவற்றில் ஒரு தப்பும் இல்லை. அவற்றில் அதிகம் இருந்தது நானும் என் லாரியும்தான்.

செல்வி புதிதாகச் செய்து கொடுத்ததும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. எழுத்துக் கூட்டி முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை வாய்விட்டுப் படித்தேன். முடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். "இன்னொரு வாட்டியாய்யா?" என்றாள். குப்பனைப் பஸ் ஏறி வரச்சொல்லியிருந்தேன். அவர் வந்தார், செருப்பை வாசலில் விட்டார். கோயிலில் நுழைகிற மாதிரி உள்ளே வந்தார். தாளைக் கையில் கொடுத்தேன். அவர் கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். கட்டை விரலை ஒவ்வொரு பெயரின் கீழும் வைத்து நகர்த்தினார். தன் பெயர் வந்ததும் விரல் கொஞ்சம் நின்றது.

"கீது மச்சான். குட்டையாத்தான் கீது, ஆனா கீது."

"மேல பாருப்பா. முதல் பக்கம்."

"அடி பாத்துட்டேன்ல, இப்ப மேல. அப்பறம்தான் நடுவு," என்றார். செல்விக்கு அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று தெரியாது. எனக்குத் தெரியும். இந்த முறை நானும் சிரித்தேன்.

நடுப்பக்கத்தில் லாரிப் படம் இருந்த இடத்தில் இப்போது கல்லாத்துக்கொல்லைக்காரர்கள் களத்தில் நிற்கும் படம் இருக்கிறது. மல்லிகா சொன்னாள், மாற்றினேன். லாரிப் படமும் நன்றாகத்தான் இருந்தது. வேண்டுபவர்கள் மண்டிக்கு வந்தால் பார்க்கலாம். புளி விஷயத்தை மலரில் போடலாமா என்று தயங்கினேன். "அம்மா அதுல வெக்கப்படல மாமா," என்றாள். போட்டுவிட்டேன். வரும் மாசியில் கூடைகள் இறங்கும்போது கையை எங்கே விடுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. எங்கே விட்டாலும் சிரிப்பார்கள்.

அடிவாரத்தில் மழையில் காத்திருந்த ஆம்புலன்ஸ்காரர்களுக்கும், மண் சரிந்த ரோட்டில் நடந்தே துக்கத்துக்கு வந்த உறவுகளுக்கும், அக்காவை ஒரு நிமிஷமும் பிரியாமல் பார்த்த மல்லிகாவுக்கும், என் கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்ன செல்விக்கும் என் நன்றி. கூடையைத் திருப்பித் தூக்கி மலை ஏறிய என் தங்கைக்கு, சின்னாண்டியின் மனைவிக்கு, இங்கே என்ன சொல்வது என்று தெரியவில்லை. படையலன்று நேரில் சொல்கிறேன். டோலி தூக்கியவர்களின் பெயர்கள் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன. குப்பன் பெயருக்குப் பக்கத்தில், "வழியெல்லாம் அக்காவின் கையைத் தேய்த்து வந்தவர்" என்று தனியாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.

மலரைப் பெற்றவர்கள் தயவுசெய்து முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எங்காவது எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் இருந்தால் மண்டிக்கு வந்து சொல்லுங்கள், வேறு பிரதி தருகிறேன். நான் மேலிருந்து அடி வரைக்கும் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் என் கண் சொல்கிறது. அன்றைக்கு என் கையும் அப்படித்தான் சொன்னது.